அணில் கடித்த மணிபிளான்ட்

அக்கா,

இன்று காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, பிளேடை எடுத்துக்கொண்டு கூடத்து ஜன்னலுக்குப் போய் மணிபிளான்ட்டில் ஒரு கொழுந்தை வெட்டினேன். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லாத முழுப் பச்சைக் கொழுந்து. பார்க்காமல் விட்ட பத்து நாளில் ஒரு முழம் ஓடியிருந்தது. வெட்டிய இடத்தில் நீர் கசிந்து விரலில் பட்டது. அந்தப் பச்சை வாசனைக்கு நீங்கள் நினைவில் வருவது வழக்கம்தான். இன்று வந்தவர் போகவில்லை. காரணம், நேற்று வந்த போன்.

உங்கள் மகள் செல்வி பேசினாள். அடி அண்ணாமலையில் அவளும் அவள் வீட்டுக்காரரும் கட்டிய வீட்டுக்கு அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். அழைத்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க மணிபிளான்ட்ல எனக்கு ஒரு கொடி வேணும். ஞாயித்துக்கிழம வந்து வாங்கிக்கிறேன். வீடு கட்டினா டீச்சர்கிட்ட கேட்டு வாங்குன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதை எப்போது சொன்னீர்கள்? சிரித்துக்கொண்டா, இல்லை உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சொல்வீர்களே, அப்படியா? எந்த நர்சரியிலும் கிடைக்கிற செடிக்கு என் வாசலில் வந்து நிற்கச் சொல்வானேன்? கூடவே வேறு ஏதாவது சொன்னீர்களா? போனை வைத்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாவட்டம் பிரிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. வேங்கிக்காலில் புதுசு புதுசாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. உங்கள் வீட்டு மாடிக்கு நாங்கள் குடிவந்தோம். நான் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக டீச்சர். அரசு வேலைக்கான ஆர்டர் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவள். உங்கள் மணிபிளான்ட் கீழே வாசல் தொட்டியில் இருந்தது. அதைக் கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் வராந்தாவில் யாரும் பார்க்காதபோது கிள்ளி வந்ததாக நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். "கேட்டு வாங்கினா நிக்காது டீச்சர். சொல்லாம கிள்ளினாதான் படரும்."

படர்ந்தது. ஆனால் மேலே பார்த்துப் படர்ந்தது. காம்பவுண்டுச் சுவரின் நிழலில் இருந்த உங்கள் வாசலில் தண்டு வெறும் கயிறாக நின்றது. படிக்கட்டுச் சுவரைப் பிடித்து ஏறி எங்கள் கிரில்லுக்கு வந்ததும், காலை வெயில் பட்டு, இலை ஒவ்வொன்றும் விரித்த கை அளவுக்கு வெள்ளையும் மஞ்சளும் பாய்ந்து விரிந்தது. நான் பி.எஸ்சி. தாவரவியல். இந்தக் கொடி ஏற ஏற இலை பெரிதாகும், வெளிச்சம் பட்டால்தான் வெள்ளை தெளியும் என்று உங்களுக்கு விளக்கினேன். "படிச்சவங்க சொன்னா சரியாதான் இருக்கும்" என்றீர்கள். பிறகு, தண்டை ஒருமுறை கீழிருந்து மேல்வரை பார்த்துவிட்டு, "ஆனா லட்சுமி படிக்கட்டு ஏறிப் போறது என் கண்ணுக்குத் தெரியுது" என்றீர்கள்.

அதன்பின் செடியைச் சரிசெய்கிறேன் என்று வாரா வாரம் மேலே வர ஆரம்பித்தீர்கள். கை காய்ந்த இலையைக் கிள்ளும். கண் எங்கள் அலமாரியில் இருக்கும். புது கிரைண்டர் வந்ததைக் கேட்பீர்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் எதற்கு வந்து போனார் என்று கேட்பீர்கள். ஆர்டர் வந்துவிட்டதா என்று கேட்காத வாரமே இல்லை. வந்தால் சந்தோஷப்படுவீர்களா, காலி செய்யச் சொல்வீர்களா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் படியேறும் கொலுசுச் சத்தம் கேட்டால் டப்பாக்களைக்கூட மூடி வைக்கப் பழகியிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் கிரில்லைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னீர்கள்: "பௌர்ணமி முடிஞ்சதும் இதை அவுத்து கீழ இறக்கி எங்க ஜன்னல்ல சுத்திடப் போறேன்." உங்கள் செடி, உங்கள் தொட்டி, உங்கள் வீடு. நான் என்ன சொல்ல முடியும்? சரிக்கா என்றேன். செல்வம் எந்தச் செடியிலும் ஏறி வராது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சிரித்துச் சொன்னவள்தான் நான். ஆர்டர் வரப் போகிற நேரத்தில் கொடி என் வீட்டை விட்டு இறங்குவதை மட்டும் என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

பௌர்ணமியன்று சாயங்காலம் நாலு மணிக்கு நீங்களும், நான் அண்ணன் என்று கூப்பிடும் உங்கள் வீட்டுக்காரரும், செல்வியும் செருப்பைக் கழற்றிவிட்டு மலை சுற்றக் கிளம்பினீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். தலைவலி என்றேன். தெருமுனை திரும்புகிறவரை பார்த்திருந்துவிட்டு, படிக்கட்டு வளைவில் கொடியை வெட்டினேன். வெட்டு நறுக்கென்று விழுந்ததும் பயம் வந்தது. அணில் கடித்தது போலத் தெரிய வேண்டும் என்று இரண்டு நுனியையும் கல்லால் தேய்த்து நார் நாராக்கினேன். வெள்ளை நன்றாகப் பாய்ந்த துண்டு ஒன்றை, மூன்று கணு இருக்கும்படி, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டுச் சமையலறை ஜன்னலில் மறைத்தேன். மீதி முழுவதையும் கிரில்லிலேயே காயவிட்டேன். அவ்வளவு அழகான கொடியை, அக்கா, என் கண்ணெதிரே காயவிட்டேன்.

மறுநாள் நடந்த காலோடு நொண்டி நொண்டி மேலே வந்தீர்கள். நுனியை எடுத்துக் கட்டைவிரலால் தடவினீர்கள். நான் தேய்த்தது போதவில்லை போலிருக்கிறது.

"அணில் பல்லு இவ்ளோ நேரா வெட்டுமா டீச்சர்?"

"எலியா இருக்கும்க்கா."

என் முகத்தைப் பார்த்தீர்கள். "சரி, போவட்டும்" என்று இறங்கிப் போனீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் மாடிக்கு வரவே இல்லை.

அடுத்த மாதம் எனக்கு ஆர்டர் வந்தது. இனிப்பு கொண்டுவந்தேன். பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "அணிலுக்கு நல்ல நேரம்" என்றீர்கள். பக்கத்து வீட்டம்மா என்ன அணில் என்று கேட்டார். "டீச்சர் கிட்ட கேளு, அவங்கதான் படிச்சவங்க" என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை புரட்டிப் பார்க்கிறேன்; எந்தப் பக்கம் திருப்பினாலும் கொஞ்சம் குத்துகிறது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அண்ணன் தன் பாத்திரக்கடையில் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு. கடை அவர் தம்பி கைக்குப் போனது. கஞ்சி வைத்து எடுத்துவந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தீர்கள். கவலையில் இருந்தீர்கள், அவ்வளவுதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏணிக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று நூறு முறை எனக்கே பாடம் எடுத்திருக்கிறேன். பாடம் புரிகிறது, வாசலில் அந்தத் தொட்டியைக் கடக்கும்போது மட்டும் கால் வேகமாகும்.

உங்கள் தொட்டியில் நின்றுபோன தண்டு சாகவில்லை. வெட்டிய கணுவுக்குக் கீழே மூன்று கொழுந்து வெடித்தது. ஆனால் எல்லாம் பச்சை. வெள்ளை திரும்பவே இல்லை. என் பாட்டில் துண்டு வேர்விட்டு, தொட்டிக்கு மாறி, வெள்ளை குலையாமல் வளர்ந்தது. யார் கேட்டாலும் நர்சரியில் வாங்கினேன் என்றேன். வேலூர் போனபோது வாங்கியது என்று ஊர்கூடச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் சொந்த வீட்டுக்குப் போன நாளில் டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியை நான் பழைய போர்வையில் சுற்றி, கடைசியில் ஏற்றலாம் என்று படிக்கட்டின் அடியில் வைத்திருந்தேன். நீங்கள் வந்து போர்வையை விலக்கினீர்கள். இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கே வாங்கினேன் என்று கேட்கவில்லை. நீங்களே தூக்கி டெம்போவில் வைத்து, ஆடாமல் இருக்கப் பக்கத்தில் அரிசி மூட்டையை நகர்த்தினீர்கள்.

"ஜாஸ்தி வளர விடாதீங்க டீச்சர். பச்சைக் கொழுந்து வந்தா உடனே வெட்டிடுங்க. அது வேகமா ஓடும், வெள்ளையைத் தின்னுடும். எங்க வீட்டுது அப்படித்தான் பூடுச்சி."

தாவரவியல் படித்த எனக்கு அதுவரை இது தோன்றியதில்லை. வெள்ளையில் பச்சையம் கிடையாது, பச்சைக் கிளைக்குத்தான் பலம் அதிகம் என்பதெல்லாம் தெரியும். அதனால் பலமுள்ளதை வெட்ட வேண்டும் என்பதை நீங்கள்தான் சொன்னீர்கள். அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன். பச்சையாக ஓடும் கொழுந்தை, வெள்ளை பாய்ந்த கடைசி இலைவரை பின்னுக்கு வந்து வெட்டுகிறேன். தொட்டியைப் பெரிதாக்குவதில்லை. கயிறு சுற்றிய கம்புக்கு மேலே ஏறினால் நுனியைக் கிள்ளுகிறேன். ஒவ்வொரு முறை வெட்டும்போதும், நீங்கள் சொன்னது யோசனையா, குத்தலா, மன்னிப்பா என்று யோசிக்கிறேன். "எங்க வீட்டுது" என்று நீங்கள் சொன்னபோது எதைச் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

உங்களைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். கேட்டுவிட வேண்டும் என்று போனேன். அறை முழுக்க உறவுக்காரர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, செடி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டீர்கள். இருக்குக்கா என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். களைப்பா, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த நிம்மதியா என்று அப்போதும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வி வருவாள். ஒரு கொடியைப் பாட்டிலில் போட்டு வேர் பிடிக்க வை, கொடுத்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டு ஆபீஸ் போனார். சரி என்றேன். பாட்டில் எதையும் நான் எடுக்கவில்லை. அவளுக்கு முன்பே எல்லாம் தெரியும், நான் எவ்வளவு சொல்கிறேன் என்று பார்க்கத்தான் வருகிறாள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வழிதான் தெரிகிறது.

அவளை உட்காரவைத்து, காப்பி கொடுப்பதற்கு முன்பே, அணிலும் இல்லை எலியும் இல்லை, உன் அம்மா செடியை வெட்டியது நான்தான் என்று சொல்லப் போகிறேன். பிறகு தொட்டியையே தூக்கி அவள் ஆட்டோவில் வைப்பேன், கம்பும் கயிறுமாக. எந்தக் கொழுந்தை வெட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுப்பேன். அவளாக ஒரு கொடி கிள்ளித் தந்தால் வாங்கிக்கொள்வேன். தராவிட்டால், அவள் வீட்டுக்கு எத்தனை முறை போனாலும், அவள் உள்ளே காப்பி கலக்கப் போகும் நேரத்தில் என் கை ஜன்னல் பக்கம் போகாது.