சாயத் தண்ணியில் மிச்சம்

12.6.2006
அன்னிக்கே சொன்னேன். எங்க சாயப்பட்டறை லாபுக்கு வந்த சாத்தான்குளத்துப் பொண்ணு ஆஷாவோட கணக்கு ஒரு நாள் கவுத்துப்போடும்னு. கவுந்துருச்சு. கருநீலம் கேட்ட பார்ட்டிக்குச் சாயம் போட்ட துணி லாட்டு முழுக்க வெளிறி வந்திருக்கு. முதலிபாளையத்துல நிறம் பார்க்க என்னை விட்டா யாரு? ஜப்பான்காரனே என் கண்ணைப் பார்க்க வந்தான். (சரி, மெஷின் பார்க்கத்தான் வந்தான்.)

அவ சொன்னது இது. துணி சாயத்தை இழுக்கும், கொஞ்சம் தண்ணிக்கே திரும்பும். இழுக்கறதும் திரும்பறதும் சமமானப்புறம், ஒரு கிலோ துணியில இருக்கிற சாயத்தை ஒரு லிட்டர் தண்ணியில இருக்கிறதால வகுக்கணும். சாம்பிளுக்கு ஒரு கிலோ துணி, பத்து லிட்டர் தண்ணி, இருபது கிராம் சாயம். மிச்சத் தண்ணி நிறத்தை, அளவு எழுதின சாயப் புட்டிகளோட ஒப்பிட்டுச் சொன்னது நான்: லிட்டருக்கு அரை கிராம். ஆக தண்ணியில அஞ்சு, துணியில பதினஞ்சு. பதினஞ்சை அரையால வகுத்தா முப்பது. அந்த முப்பதை வெச்சுத்தான் லாட்டுக்கு அளவு போட்டா. "மாறாத எண்ணு மாமா"ன்னா. பெரிய எண்ணு!

13.6
முதலாளி குமாரசாமி கத்தல். "எம்.எஸ்சி. படிச்சு என்னத்தம்மா கிழிச்சே?"
"கணக்கு சரிதான் சார். சாம்பிளை இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துருதேன்."
"ஓட்டறதுக்குத் துணி உங்கப்பன் ஊட்டுல இருந்தா வரும்? ஏனுங்க மாமா, நீங்க சொல்லுங்க."
நாப்பது வருச அனுபவத்துல இப்படியொரு கணக்கைப் பார்த்ததில்லைங்கன்னேன். பதினெட்டு வருசம்தான். எவன் எண்ணப் போறான்?

15.6
சோறு இறங்கலை. வெயில்தான் காரணம்.

17.6
ஆஷாவை நிறுத்திட்டாங்க. இந்த வேலையை நம்பித்தான் ஊரைக் காலி பண்ணி அம்மாவைக் கூட்டிட்டு வந்துச்சு. லாப் கோட்டை மடிச்சுக் குடுத்துட்டு என்கிட்ட வந்தா.
"மாமா, மிச்சத் தண்ணியில லிட்டருக்கு அரை கிராம்தான வந்துச்சு?"
"என் கண்ணு தப்புமா சாமி?"
"அப்பம் எனக்குத்தான் எங்கயோ தப்பியிருக்கு."
என்னைத் திட்டியிருக்கலாம். நன்றி சொல்லிட்டுப் போறா, கழுதை.

25.6
அம்மாவும் மகளும் சாத்தான்குளத்துக்கே போயிட்டாங்களாம். லாபைப் பூட்டிச் சாவியை என்கிட்ட குடுத்துட்டார் குமாரசாமி. "மாமன் கண்ணே போதும்"ங்கறார். டீக்கடையில எல்லாரும் எந்திரிச்சு இடம் விடறாங்க.

துணியில நிறம் பிடிச்சாத் தண்ணியைத் தொறந்து விடறதுதான் எங்க வழக்கம், அடுத்த லாட்டு நிக்குமே. அந்த சாம்பிளையும் தொறந்துட்டேன். சமமாச்சோ ஆகலையோ, யார் பார்த்தா? சாக்கடையில போனப்புறம்தான் அவ புட்டியோட வந்து, "எவ்வளவு மாமா?"ன்னா. தெரியலைன்னு சொல்ல வாய் வரலை.

அரை கிராம்னு நான் எதையும் பார்க்கலை. சும்மா சொன்னேன்.