காயாத பை

1954 ஜூன் 3

இன்று மிஷின் இழுக்கவில்லை.

கம்பளத்தின் மேல் குழாயை வைத்துத் தேய்த்துக்கொண்டே போகிறேன். நாய் முடி அப்படியே கிடக்கிறது. சத்தம் மட்டும் முன்னைவிட அதிகம். துரைசானி வாசலில் நின்று பார்த்தார். "மேரி, தூசி போகலை. எனக்கு மூச்சு வரலை" என்றார். மலைக்கு வந்ததிலிருந்து அவருக்கு இளைப்பு. துடைப்பம் போட்டால் தூசி எழும்பும் என்றுதான் எஸ்டேட்டுத் துரை இந்த உறிஞ்சு மிஷினைக் கப்பலில் வரவழைத்தார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிடுங்கிய பிறகும் சுவரை ஒரு தடவை பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மரியஜோசப் இங்கே தேயிலை ஃபாக்டரியில் வயர் வேலை பார்த்தவர். போன வருஷத்துக்கு முந்தின மழையில் கரண்டில் போனார். கரண்டில் போனவருடைய பெண்டாட்டிக்குக் கரண்டு மிஷின் வேலை! இதை யாரிடம் போய்ச் சொல்ல? இந்த வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். எனக்கு ஏதாவது ஆனால் — எழுதவே கை வரவில்லை — மகள் புஷ்பத்துக்கு எட்டு வயசு. அவளுக்கு யார்?

ஜூன் 4

மூங்கில் குச்சியைக் குழாய்க்குள் விட்டுத் தள்ளினேன். நாய் முடியும் கம்பளி நூலும் திரண்டு செத்த எலி மாதிரி வந்து விழுந்தது. பிரஷ் வாயில் சுற்றியிருந்த நூலைக் கத்தரித்து எடுத்தேன். மிஷினுக்குள் தூசி சேரும் துணிப் பையைத் தோட்டத்து ஓரம் கொண்டுபோய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று கொட்டினேன். பாதி நிறையும் முன்பே கொட்டிவிட வேண்டும், நிறைய விட்டால் இழுப்பு போய்விடும் என்று துரைசானி முதல் நாளே சொல்லியிருந்தார்.

பிறகு பிளக்கை மாட்டி, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன். 'சப்'பென்று இழுத்தது. நல்ல இழுப்பு. சந்தோஷப்படாமல் கையை உதறிக்கொண்டேன்.

ஜூன் 9

மழை பிடித்துவிட்டது. மிஷின் மறுபடி இழுக்கவில்லை.

குழாயில் அடைப்பில்லை, பிரஷிலும் நூல் இல்லை. பையைத் திருப்பினால் உள்ளே வெள்ளையாக, மாவு பூசினதுபோல. ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்தபோது பட்லர் மத்தியாஸ் அண்ணாச்சி கணப்பு அடுப்புச் சாம்பலை மிஷினால் இழுத்திருக்கிறார். துணியின் கண்ணெல்லாம் அடைந்துவிட்டது. எவ்வளவு தட்டினாலும் போகவில்லை.

துரைசானியிடம் காட்டினேன். பச்சைத் தண்ணீரில் அலசு, சோப்பு வேண்டாம், நன்றாகக் காயாமல் மாட்டாதே என்றார்.

ஜூன் 10

அலசினேன். சாம்பல் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டே இருந்தது.

ஜூன் 11

காயவில்லை.

ஜூன் 13

மழையும் மூட்டமும். லயத்தில் புஷ்பத்தின் பள்ளிக்கூடப் பாவாடையே காயவில்லை, இந்த இரட்டைத் துணிப் பை எப்படிக் காயும்? கரி போட்ட தேய்ப்புப் பெட்டியால் அழுத்தினேன். மேலே சூடாக இருந்தது. மடிப்பைப் பிரித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்றது.

ஜூன் 14

காலையில் துரைசானிக்கு இளைப்பு முற்றிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். எஸ்டேட் டாக்டர் வந்து ஊசி போட்டார். அறையில் தூசி நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியாஸ் அண்ணாச்சி என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்தார்.

"பையை மாட்டு மேரி. நாலு நாளா கம்பளத்துல தூசி கெடக்கு."

"ஈரம் இருக்கு அண்ணாச்சி."

"லேசா நமுத்திருக்கு. அதுக்கு என்ன இப்ப?"

"ஈரத்தோட கரண்டு விட மாட்டேன்."

"மாட்டேங்கியா? அந்தம்மா மூச்சு விட முடியாம கெடக்கா. துரை கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

கையாலேயே கம்பளத்து முடியைப் பொறுக்கினேன், மாலை வரை. துரையிடம் சொல்லிவிடுவாரா? சொன்னால்? மாட்டேன் என்று இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஏன் சொன்னேன்?

ஜூன் 15

மாதாவே.

காலையில நான் உள்ளறையில படுக்கை விரிப்பு மாத்திட்டு இருந்தேன். ஹால்ல மிஷின் சத்தம் கேட்டுது. அண்ணாச்சியேதான் பையை மாட்டி ஓட்டுதார். போய் நிறுத்தச் சொல்லணும்னு நினைக்கேன், கால் நகரல. அப்புறம் சத்தம் மாறிச்சு. கம்மலா, இழுத்து இழுத்து.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மழைச் சாரல் அடிச்சு வாசப்பக்கம் தரை நனைஞ்சிருந்தது. அதுல வெறுங்காலோட நிக்காரு. ஒரு கை மிஷின் பிடியில. உடம்பு வெறைச்சு, கண்ணு மட்டும் என்னையே பார்க்குது. வாய் திறந்திருக்கு, சத்தம் இல்ல. சமையக்காரர் குருசாமி அவரைப் பிடிச்சு இழுக்க ஓடி வாராரு. "தொடாதீங்க!" — நான் அலறினதுதான். என் குரலான்னு எனக்கே தெரியல.

பின்பக்க நடையில மெயின் சுவிட்ச் இருக்கு. பங்களாவுல சேர்ந்த அன்னிக்கே அது எங்கன்னு கேட்டு வச்சிக்கிட்டேன். பயத்துலதான் கேட்டேன். இதுவரைக்கும் அதுக்குக் கிட்டகூட நின்னதில்ல. ஓடிப்போய் அந்தச் சுவிட்ச் பிடியில தொங்கிக் கீழ இழுத்தேன்.

எல்லாம் அடங்கிச்சு. ஹால்ல ஆள் விழுற சத்தம் கேட்டுது. திரும்பிப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. செத்துட்டாருன்னே நினைச்சேன். குருசாமிதான் கத்தினார், "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு."

ஜூன் 16

துரை ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார். வேலை போயிற்று என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றேன்.

சுவிட்சை இறக்க யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். பிறகு எப்படித் தெரியும் என்றார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"என் வீட்டுக்காரர் விழுந்த அன்னிக்கு ஃபாக்டரியில எத்தனையோ பேர் நின்னாங்க துரை. எதை இறக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியல. ஆளைக் கூப்பிட ஓடினாங்க. ஆள் வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

துரை பேனாவை மூடினார். "போ" என்றார். அதற்கு என்ன அர்த்தம்? வேலையில் இருக்கிறேனா இல்லையா?

ஜூன் 18

இன்றும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. யாராவது கூப்பிட்டால் அதற்குத்தானோ என்று நினைக்கிறேன்.

ஜூன் 20

கோயில் முடிந்து எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மத்தியாஸ் அண்ணாச்சியின் வலது கையில் கட்டு. இரண்டு விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கஞ்சியை இடது கையால் குடித்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார்.

"ஒன்னையக் கூப்பிடத்தான் பார்த்தேன் மேரி. எல்லாம் தெரியுது, நீ நிக்கது தெரியுது. வாய்தான் வரல." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "ஜோசப்புக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், என்ன?"

நான் வெளியே வந்து மழையில் நின்றேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனாரே என்று இத்தனை நாள் மனசுக்குள் குறை வைத்திருந்தேன்.

ஜூன் 27

ஃபாக்டரி வயர்மேன் கபிரியேல் மிஷினைப் பழுது பார்த்துக் கொண்டுவந்தார். பை ஈரத்தை மோட்டார் இழுத்துக்கொண்டு கரண்டு மிஷின் மேல்தகரத்துக்கு இறங்கிவிட்டதாம். தரைக்குப் போகும் தனி வயர் ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறார்.

துரைசானி தடித்த துணி கொடுத்து இன்னொரு பை தைக்கச் சொன்னார். ஒன்று காயும்போது ஒன்று ஓடும். கணப்புச் சாம்பலை முறத்தில்தான் அள்ள வேண்டும், மழை மாதத்தில் பையை அலசவே கூடாது, தட்டினால் போதும் என்றும் அவரே சொன்னார். புதுப் பையோடு மிஷின் கம்பளத்தின் ஓரத்தையே தூக்கிவிட்டது. அவர் சிரித்தார், இருமல் வரவில்லை.

ஜூலை 2

என் வீட்டுக்காரர் போன பிறகு ஃபாக்டரிக்குள் இன்றுதான் நுழைந்தேன்.

அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் மெயின் சுவிட்சைக் கையால் இறக்கிப் பழக வேண்டும் என்று துரை உத்தரவு. கபிரியேல் தேயிலைத் தூள் சலிக்கும் பெண்களை வரிசையில் நிறுத்தியிருந்தார். ஒருத்தியும் முன்னால் வரவில்லை. "நீங்க ஒரு தடவை காட்டுங்க அக்கா. நான் சொன்னா கேக்க மாட்டேங்காங்க" என்றார்.

மிஷின்கள் ஓடுகிற அதிர்வு காலில் ஏறியது. போய்விடலாமா என்று இருந்தது. பிடியைப் பற்றி இறக்கினேன். ஃபாக்டரி முழுக்க மெல்ல மெல்லச் சத்தம் செத்தது. கூரையில் மழை பெய்வது கேட்டது.

கபிரியேல் திரும்பவும் ஏற்றினார். வரிசையில் முதலில் நின்ற அகிலாண்டம், "ஷாக் அடிக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"அடிக்காது. எனக்கும் பயம்தான்" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். அதன் மேல் என் கையை வைத்து, இருவருமாக இறக்கினோம்.