அலுப்பான ஆறாம் அத்தியாயம்

தோஹா
2.2.2024

அன்பின் மஸாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் மகளின் இருமலும் தண்ணீர் பில்லும் பேசியே நேரம் போகிறது என்று கோபித்தாயே, அதனால்தான் கடிதம். கொண்டுவருபவரிடம் ஒரு புத்தகமும் இருக்கிறது. வேலையாட்கள் கேம்பில் நாங்கள் அடித்துப்பிடித்துப் பார்க்கும் வேற்றுக்கிரகத் தொடரை வைத்து எழுதிய நாவல். நீலக் கூட்டமும் சாம்பல் கூட்டமும் ஓயாமல் மோதும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அறையில் வாசகர் வட்டம் வேறு! நான் நீலம், என் அறைக்கூட்டாளி ஷாமில் சாம்பல். ஆளுக்கொரு அபிப்பிராயம். ஆறாம் அத்தியாயம் சரியான அலுப்பு என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காது. இங்கிலிஷ் டீச்சர் நீ, படித்து அபிப்பிராயம் எழுது. அறையில் வாசித்துக் காட்டுகிறேன்.

மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. இன்ஷா அல்லாஹ், இதோடு போதும், வந்துவிடுவேன்.

உன் ரிஸ்கான்


அலவத்துகொட
25.2.2024

அன்பின் மகளின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கூட அனுப்பிய பேரீச்சம்பழம் இரண்டு நாளில் முடிந்தது, புத்தகம்தான் இழுத்தடித்தது. யார் நீலம், யார் சாம்பல் என்று தலை சுற்றியது. ஆறாம் அத்தியாயத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நீலத் தூதன் சமாதானம் பேச எதிரிகளிடம் போகிறான். இந்தப் பேச்சு முடிந்ததும் வருவேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறான். மனைவி ஒழுகும் கூரையை அடைக்கிறாள். காய்ச்சல் பிள்ளையோடு கிடக்கிறாள். அவன் உட்காரும் கதிரையைத் தினமும் துடைக்கிறாள். ஒருநாள் துடைக்க மறந்துவிடுகிறாள். மறந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இதுவா அலுப்பு? சண்டை பிடிக்கிறவர்களுக்குப் புத்தகம் முழுக்க இடம், காத்திருப்பவளுக்கு ஒரே ஓர் அத்தியாயம். அதையும் தாண்டி ஓடுகிறீர்களே! எந்தக் கூட்டம் வென்றால் அவளுக்கென்ன, கதிரை வெறுமையாகத்தானே கிடக்கிறது? அந்த அத்தியாயத்தைப் படிக்க உங்கள் எல்லாருக்கும் பயம். இதுதான் என் அபிப்பிராயம். ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

மே மாதத்துக்காகக் கூரைத் தகடு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மஸாஹிரா


தோஹா
26.4.2024

அன்பின் மஸாஹிரா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பெரிய ஆள்தான்! உன் கடிதத்தை அறையில் வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்து யதுர்சன், "ஓம், அக்கா சொல்லுறது சரிதான்" என்றான்.  விடிந்ததும் ஷாமில் ஒப்பிஸுக்குப் போய், வேலையை விட்டு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். உன் அபிப்பிராயத்தால் சாம்பல் கூட்டத்துக்கு ஆளே இல்லாமல் போய்விட்டது.

இன்னொரு செய்தி. அவன் பார்த்த சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபிக்காதே. இது முடிந்ததும் நிச்சயம் வருவேன். நாவலின் இரண்டாம் பாகத்தை ஷாமில் கையில் அனுப்புகிறேன். இதற்கும் அபிப்பிராயம் எழுது.

உன் ரிஸ்கான்


அலவத்துகொட
2.6.2024

ரிஸ்கானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷாமில் மனைவியோடு வந்திருந்தார். சொந்த அக்காவைக் கூப்பிடுவதுபோல், "தாத்தா, ரிஸ்கான் நானா ஒங்கட காயிதத்த வாசிக்கிற நேரம், ஏன்ட வூட்டுக் கதிரதான் கண்ணுல வந்திச்சி. அதான் நான் வந்த" என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் அருமையாக வாசித்தீர்களாம். ஓரிடத்திலும் குரல் தடுமாறவில்லையாம்.

என் கடிதம் ஒரு மனுஷரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டது. அவர் விட்ட இடத்தில் நீங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். கோபமாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? மகள், "உம்மா, வாப்பா எப்ப வார?" என்று கேட்டாள். பேச்சு முடிந்ததும் என்றேன்.

இரண்டாம் பாகத்தை ஷாமிலிடமே கொடுத்துவிட்டேன். முதல் பாகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்ட அபிப்பிராயம் ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தூதன் வந்து தட்டியதும், அவள் ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறாள். எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

உங்கள் கதிரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் திருத்த வேண்டிய கொப்பிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்று ஞாபகமில்லை. நான் கதவைத் திறப்பேனா என்று வாசகர் வட்டத்தில் அபிப்பிராயம் கேட்க வேண்டாம். வந்து தட்டிப் பாருங்கள்.

மஸாஹிரா