தாடி இல்லாத மேய்ப்பர்

இஞ்சாருங்கோ,

நான் கூப்பிட்டால் "என்னப்பா?" என்று திரும்புவீர்களே, அப்படியே இதையும் கேளுங்கள். நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. நினைவு அட்டையில் நீங்கள் கேட்ட படமே இருந்தது. ஆனால் அது லேசில் வரவில்லை.

நூதனசாலையில் ரோமாபுரிக் கல்லறைச் சித்திரத்தின் படத்துக்கு முன்னால் நின்றோமே, ஞாபகமா? தாடியில்லாத இளம் பெடியன், தோளில் ஆடு. அதுதான் யேசு என்றதும் நீங்கள் நம்பவில்லை. அங்கே எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன். ஆடு தூக்கும் இடையனை ரோமர் முன்பே வரைந்திருக்கிறார்கள். முதல் கிறிஸ்தவர்கள் அந்த உருவத்தையே யேசுவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அரசர்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகுதான் தாடியும் சிம்மாசனமும் பெருகின. பிறகு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடி சொன்னீர்கள்: "சிம்மாசனத்திலை இருக்கிறவர் தீர்ப்புச் சொல்லுவார். எனக்குத் தூக்கிறவர் போதும். அட்டையிலை அவரைப் போடு."

பாரிஸ் லாச்சப்பலில் அச்சகம் வைத்திருக்கும் தம்பியிடம் படத்தைக் கொடுத்தேன். மாதிரி அட்டையில் பெடியனுக்குத் தாடி முளைத்திருந்தது.

"அக்கா, படத்திலை தாடி விடுபட்டுப் போச்சு. நானே கொம்பியூட்டரிலை வைச்சுவிட்டன்."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "தம்பி, பின்னுக்கு வந்த ஆக்களும் உம்மைப்போலத்தான் செய்தவை. முதல் இந்தத் தாடியை வழிச்சுவிடும்" என்றேன்.

சார்செல்லிலிருந்து துணைக்கு வந்த மச்சாளும், உங்கள் அக்காதான், அவன் பக்கம். "தாடி இருக்கட்டும் றீற்றா. இது ஆரெண்டு சனம் கேக்கும்" என்றார். கேட்கட்டுமே. உங்கள் கடைசி ஆசையை அச்சகத்தில் விட்டுவிட்டு எந்த முகத்தோடு பூசையில் நிற்பேன்? தாடி போகும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

நேற்று கோயில் வாசலில் மச்சாள் அட்டையைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார்.

"இடம்பெயர்ந்து கடல்நீரேரி கடக்கேக்கை எனக்குக் கடும் காய்ச்சல். வள்ளத்துக்குப் போறதுக்கு இடுப்பளவு தண்ணி. இவன் என்னை இப்பிடித்தான் தோளிலை போட்டுக்கொண்டு போனவன். அப்ப அவனுக்கு மீசைகூட முளைக்கேல்லை."

இத்தனை வருசம் ஒருநாளும் நீங்கள் எனக்கு இதைச் சொல்லவில்லையே. ஏனப்பா?

கூசேன்வில் சேமக்காலையில் உங்கள் கல்லறைக்குக் கல் வைக்கும்போதும் இதே படம்தான். இனி மச்சாளே ஒருவரையும் தாடி வைக்க விடமாட்டார். நான் வந்து சேரும்வரை அந்தக் கல்லைத் துடைத்து வைத்திருப்பேன்.

என்றும் உங்கள் மனைவி,
றீற்றா