தாளம் இல்லாத உன் இசை

என் செல்வண்ணாவுக்கு,

நீ போன பிறகு சித்தூரில் முதல் மழை பெய்துவிட்டது. உன் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டையும் சாரல் படாமல் உள்ளறைக்கு நகர்த்தினேன். அவற்றைத் தூக்கும்போதுதான் அழுதேன். அதுவரை துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்பாத்தியில் உன் இசை நண்பர்கள் உனக்காகக் கூடினார்கள். மாதம் ஒருமுறை ஆளுக்கொரு இசை கொண்டுவந்து கேட்பீர்களே, அதே கூடத்தில்தான். நீ கொண்டுபோனது எப்போதும் ஆம்பியண்ட் எலக்ட்ரானிக் இசை. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. கம்ப்யூட்டரில் பிறந்த ஓசை மெல்ல மெல்ல நிறம் மாறும். செய்தவர்களின் பெயரைக்கூட அங்கே யாரும் கேட்டதில்லை. "பத்து நிமிசம் பேசாம கேளுங்க, போதும்" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பாய்! கூட்டத்தில் மூத்தவரான வெங்கிட்டு சார் சிரிப்பாராம்: "ஏண்டா, ஃப்ரிட்ஜ் ஓடற சத்தத்தைக் கேக்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரே?" வீட்டுக்கு வந்து அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். உனக்கு வலித்ததா, அண்ணா?

அன்று உனக்காக ஒரு கீர்த்தனை பாடுவதாக இருந்தார்கள். நான் எழுந்து, "ஏனுங்க, அண்ணனுக்குப் புடிச்சத ஒண்ணு போடட்டுங்களா?" என்றேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் காதில் ஓடியதையே போட்டேன்.

அந்தக் கடைசி நாளில் இயர்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, "கண்ண மூடிக்க அம்மிணி" என்றாய். உன் கையைப் பிடித்தபடி மூடினேன். திறந்தபோது இசை ஓடிக்கொண்டிருந்தது. நீ இல்லை. எப்போது போனாய்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கூடத்தில் முதலில் யாரோ இருமினார்கள். இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் தொடையில் தாளம் தேடிப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார். மற்றவர்கள் அசையாமல் இருந்தார்கள். வெகுநேரம் கழித்து வெங்கிட்டு சார் கேட்டார்: "முடிஞ்சுடுத்தாம்மா?"

"அப்பவே முடிஞ்சுபோச்சுங்க."

"தெரியலையே... எனக்குத் தெரியலையே." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அவன் இருக்கறச்சே ஒரு தடவை ஒழுங்கா உக்காந்து கேட்டிருக்கலாம்."

அண்ணா, இந்த ஒரு சொல்லைக் கேட்க நீ எத்தனை ஞாயிறு அங்கே போனாய்? அது வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள நான் மட்டும்தானே இருந்தேன்?

உண்மையைச் சொன்னால், எனக்கே இந்த இசை இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. அது இசையாலா, உன்னாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். உன் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்க மாட்டேன். செய்தவர்களின் பெயரைச் சொல்லித்தான் போடுவேன். நீ விரும்பியது அதுதானே? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கடைசிவரை ஒருவர் உட்கார்ந்தால் போதும். ஒருவரும் இல்லையென்றால், நான் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
மல்லிகா