குணம் அண்ணையின் கடைசிப் பேட்டியை அழித்தது பற்றி

என் அன்புக்குரிய குணம் அண்ணை,

மோர்டன் வானொலி ஸ்டூடியோவில் உங்கள் கதிரையில் இப்போது நான்தான் இருக்கிறேன். ஞாயிறு மத்தியானப் பேட்டி நிற்கவில்லை. வாடகை வீட்டுப் பிரச்சினை, வயதானவர்களின் தனிமை, புதுப் புத்தகம் போட்டவர்கள் என்று நீங்கள் ஓட்டியபடியே ஓடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்துகொண்டு உங்களைக் கிண்டலடித்தவளுக்கு மைக்குக்கு முன்னால் நாக்கு உலர்கிறது, சிரியுங்கள்.

ஆனால் உங்களோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடைசியாகத் தொலைபேசியில் பேட்டி எடுத்தீர்களே, புனைபெயரில் சிறுகதைத் தொகுப்பு வெளியிட்ட அந்தப் பெண்ணை நினைவிருக்கிறதா? அடிக்கிற கணவனிடமிருந்து பிள்ளைகளோடு தப்பி, அவனுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறவள். பெயர் கேட்கக்கூடாது என்று உங்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நீங்களும் பெயரைக் கேட்கவில்லை. ஆனால் பழக்கதோஷம் விடுமா?

"எந்த ஊர் பிள்ளை?" என்றீர்கள். சொன்னாள்.

"அட, எங்கட பிள்ளையெல்லே! இப்ப எங்க இருக்கிறியள்?" என்றீர்கள். அதையும் சொல்லிவிட்டாள்.

நேரலை. நான் இரண்டு கையையும் ஆட்டியது உங்கள் கண்ணில் படவேயில்லை. அந்த இரண்டு இடங்களையும் இங்கே எழுதமாட்டேன், இது பகிரங்கக் கடிதம், எல்லோரும் வாசிப்பார்கள்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீடு முடிந்த கையோடு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "அந்தப் பிள்ளை இன்னாரின்ரை மகளோ? நல்ல வடிவாக் கதைச்சது." எல்லோரும் பாசத்தில் கேட்கிறவர்கள்தான். ஆனால் ஊர் தெரிந்தால் நம்மவர்கள் தகப்பன் பெயர்வரை போகாமல் விடுவார்களா? அந்தப் பேச்சு பிளேஸ்டோ, செவன் கிங்ஸ் என்று நம்மவர்கள் இருக்கிற இடமெல்லாம் சுற்றி அந்தக் கணவன் காதுக்கும் போயிருக்கிறது.

போன கிழமை அவனே ஸ்டூடியோவுக்கு வந்தான். தன் பெயர் என்று, அவள் எங்களை எச்சரித்து வைத்திருந்த பெயரைத்தான் சொன்னான். கையில் அவளுடைய புத்தகம். சில வரிகளுக்குக் கீழே பேனையால் கோடு இழுத்திருந்தான்.

"நான் அந்தப் பேட்டியைத் தவறவிட்டிட்டன். ஒரு கொப்பி தரேலுமோ? குரலைக் கேட்டா எனக்கு ஆளைத் தெரியும்."

மரியாதையான குரல், அண்ணை. அதுதான் பயமாக இருந்தது. தர ஏலாது என்றேன். சிரித்துக்கொண்டே, "தங்கச்சி எந்த ஊர்?" என்றான். என் வாயும் திறந்துவிட்டது. எப்படி மூடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பொலிசுக்குச் சொன்னோம். அவளுக்கும் சொன்னேன். "ஏன் பிள்ளை ஊரைச் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"கேட்ட உடனை வந்திட்டுது அக்கா. கனகாலமா என்னட்டை ஒருத்தரும் ஊர் கேக்கேல்லை. அண்ணை கேக்கேக்கை சந்தோசமா இருந்தது."

இதைக் கேட்ட பிறகு உங்களை எப்படி அண்ணை திட்டுவது?

இதற்குள் உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு நிகழ்ச்சியில் அந்தப் பேட்டியையே மறுபடியும் ஒலிபரப்பப்போவதாக நிர்வாகம் அறிவித்துவிட்டது. அண்ணியும் கேட்டார்: "அவரின்ரை கடைசிக் குரல். ஒருக்காப் போடுங்கோ."

இருந்தது ஒரே ஒரு பிரதி. நேற்று முழுவதையும் ஒருதரம் கேட்டேன், அழுதேன், அழித்துவிட்டேன். அண்ணியிடம் சொன்னபோது போனை வைத்துவிட்டார். அவளிடமும் சொன்னேன்.

"அண்ணை 'எங்கட பிள்ளை' எண்ட இடத்தை மட்டும் வெட்டி எனக்குத் தந்திருக்கலாமே அக்கா?"

அது எனக்குத் தோன்றவேயில்லை. மன்னியுங்கள், அண்ணை.

இதை எழுதும்போது அவன் ஸ்டூடியோவுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறான். பஸ் வருகிறது, போகிறது. அவன் ஏறுவதில்லை. பொலிஸ் வருவதாகச் சொன்னார்கள், இன்னும் காணவில்லை.

அவள் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆனால் எழுதுவதை விடவில்லை, புதுக் கதை ஒன்று அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நினைவு நிகழ்ச்சியில் அதை நான் வாசிப்பேன். இனி அவள் எழுதுவது எல்லாம் இந்த வானொலியில் என் குரலில்தான் வரும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. தேடுகிறவன் என்னைத் தேடி வரட்டும்.

உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி,
வதனி