ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

ஜூன் 1, இரவு.

காலையில் எஃப்.எம்.மில் இன்று பிறந்த இசையமைப்பாளர்கள் மூன்று பேரின் பாடல்களைப் போட்டார்கள். எனக்கும் இன்றுதான் பிறந்தநாள். இந்தத் தேதியை நம்பித்தான் கீபோர்டு வாசிக்கவே வந்தேன். ஒத்திகையில் பெருமையாகச் சொன்னேன்.

டிரம்ஸ் ஏகாம்பரம் சிரித்தான். "இதுல இன்னாடா பெருமை? நம்ம ட்ரூப்புல பாதிப் பேருக்கு இதான் தேதி. ஸ்கூல்ல சேக்கசொல்ல பெரிய வாத்தியார் போட்டது."

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

"தேதி யாருக்குத் தெரியும்? நீ பொறக்கசொல்ல மழை கொட்டிக்கினு, ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போய்க்கினு இருந்துச்சு."

ஜூனில் எங்கள் ஏரிக்குள் மாடு மேயும்.

அந்த மூவரில் ஒருவர் கிராமத்தில் பிறந்தவராம். அன்றைக்கு அவர் ஊர் ஏரியில் தண்ணீர் இருந்ததா? இதை யாரிடம் போய்க் கேட்பது?